உள்ளேயா, வெளியேயா? சிறிய கட்சிகளின் தீராத தர்மசங்கடம்

2023 செப்டம்பர் 10ஆம் நாள், நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினரை வைத்திருந்த மூடா கட்சி, அரசாங்கத்துக்குத் தந்துவந்த ஆதரவை மீட்டுக்கொண்டது. துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடி மீதான 47 குற்றச்சாட்டுகளில், முழு விடுதலை தராமல் வழக்கிலிருந்து மட்டும் நீதிமன்றம் அவரை விடுவித்திருந்தது. அதை ஏற்க முடியாது என்றார் மூவார் தொகுதி உறுப்பினர் சையிட் சாடிக். அந்த ஓர் இருக்கை நகர்ந்ததும் அரசாங்கத்தின் பலம் 148இலிருந்து 147ஆனது. 222 இருக்கைகள் கொண்ட மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு என்பது சரியாக 148. அரசியலமைப்பைத் திருத்தும் பலம் ஒரு மனிதர் எழுந்துபோனதால் கைநழுவியது.

கேட்பதற்கு வியப்பாக இருக்கிறதல்லவா? அடுத்து நடந்ததையும் பாருங்கள். சில மாதங்களில் பெர்சத்து கட்சியின் ஆறு உறுப்பினர்கள், கட்சியை விட்டு விலகாமலேயே பிரதமருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. மூடாவின் அந்த ஓர் இருக்கைக்கு இருந்த எடை காணாமல் போனது. அதே கட்சி ஒரு மாதம் முன்புதான் மாநிலத் தேர்தல்களில் 19 இடங்களில் தனித்து நின்று எல்லாவற்றிலும் தோற்றிருந்தது.

சிறிய கட்சிகளின் வாழ்க்கையே இதுதான். அவர்களுடைய எடை அவர்கள் கையில் இல்லை. பெரிய கட்சிகளின் கணக்கில் எத்தனை குறைகிறது என்பதைப் பொறுத்தே அது கூடும், குறையும். குறையும்போது மாலை மரியாதை, நிறைந்துவிட்டால் கறிவேப்பிலை. அந்தக் குறுகிய நேரத்துக்குள் என்ன கேட்பது, எங்கே உட்காருவது, எப்போது எழுந்துபோவது? சிறிய கட்சியின் தலைவர் தூக்கமிழப்பது இந்த மூன்று கேள்விகளால்தான். சிறுபான்மைச் சமூகமாக வாழும் நமக்கு இவை கட்சித் தலைவர்களின் கவலை மட்டும் அல்ல. நம் குரல் எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறது என்பதையும் இவையே முடிவு செய்கின்றன.

சொந்தச் சின்னமா, இரவல் சின்னமா?

முதல் சிக்கல் தேர்தலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 2008 மார்ச் 8ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த சாமிவேலுவை டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தோற்கடித்தார். அவர் மலேசிய சோசலிசக் கட்சியைச் (பி.எஸ்.எம்.) சேர்ந்தவர். ஆனால் வாக்குச்சீட்டில் அவருக்கு இருந்தது பி.கே.ஆர். சின்னம். 2013இலும் அதே சின்னத்தில் நின்று வென்றார். 2018இல் எதிர்க்கட்சிக் கூட்டணியுடன் உடன்பாடு ஏற்படவில்லை. பி.எஸ்.எம். தன் சொந்தச் சின்னத்தில் களமிறங்கியது. பத்து ஆண்டுகள் தொகுதிக்குள் உழைத்த அதே மருத்துவர் வைப்புத் தொகையைக்கூட இழந்தார். வென்றது பி.கே.ஆர். வேட்பாளர்.

மனிதர் மாறவில்லை, கொள்கையும் மாறவில்லை. மாறியது சின்னம் மட்டுமே. அரசாங்கத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் மக்கள் வாக்களிக்கும்போது, நல்லவர் என்று தெரிந்தாலும் மூன்றாவது முனையில் நிற்பவருக்கு வாக்கை வீணாக்க மாட்டார்கள். இரவல் சின்னத்தில் நின்றால் வெற்றி கிடைக்கும். ஆனால் கட்சியின் பெயர் மக்கள் மனத்தில் பதியாது. சொந்தச் சின்னத்தில் நின்றால் பெயர் பதியும், இருக்கை கிடைக்காது.

ஒரு தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றியாளர் என்ற முறையில் இந்தச் சிக்கலுக்கு எளிய தீர்வு இல்லை. நாம் இந்த முறையைப் பெற்ற பிரிட்டனிலேயே 2015 தேர்தல் முடிவைப் பாருங்கள். யூகிப் கட்சி நாடு முழுவதும் 12.6 விழுக்காடு வாக்கு வாங்கியது. கிடைத்தது ஓர் இடம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 4.7 விழுக்காடு மட்டுமே வாங்கியது. கிடைத்தது 56 இடங்கள். யூகிப்புக்கு எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சம் வாக்கு இருந்தது. ஸ்காட்லாந்துக் கட்சிக்கு ஒரே நிலப்பரப்பில் குவிந்திருந்தது. இந்த முறையில் வாக்கு எவ்வளவு என்பதைவிட எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் பேசும்.

மலேசிய இந்தியர்களின் அரசியலுக்கும் இதுவே அடிப்படைக் கணக்கு. இந்திய வாக்காளர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட நாட்டில் இல்லை. ஆகவே இந்தியர்களை மட்டும் நம்பும் எந்தக் கட்சியும் பிறர் வாக்கு இல்லாமல் மக்களவைக்குள் நுழைய முடியாது. பிறர் வாக்கு வேண்டுமென்றால் கூட்டணி வேண்டும். கூட்டணிக்குள் போனால் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது.

ஆட்சிக்குள் போனவர்கள் கட்டிய விலை

பதவியில் பங்கு கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். பிரிட்டனின் லிபரல் ஜனநாயகக் கட்சியின் கதை அப்படிச் சொல்லவில்லை.

2010 மே மாதத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 650 இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 306, தொழிற்கட்சிக்கு 258, லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 57. தொழிற்கட்சியோடு சேர்ந்தால் கூட்டுத்தொகை 315, பெரும்பான்மைக்குப் போதாது. கன்சர்வேட்டிவ் கட்சியோடு சேர்ந்தால் 363, உறுதியான ஆட்சி. வெளியே நின்றால் மறுதேர்தல் வரலாம். பொருளாதார நெருக்கடி நேரத்தில் நாட்டை நட்டாற்றில் விட்டவர்கள் என்ற பழி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெருப்பு என்ற நிலையில் அவர்கள் உள்ளே போனார்கள். தலைவர் நிக் கிளெக் துணைப் பிரதமர் ஆனார். அமைச்சரவையில் அவர்களுக்கு ஐந்து இடங்கள்.

எழுத்துபூர்வமான உடன்பாடும் இருந்தது. ஆனால் அவர்கள் அதிகம் விரும்பிக் கேட்டது தேர்தல் முறை மாற்றம். அதற்குக் கிடைத்தது ஒரு பொதுவாக்கெடுப்பு மட்டுமே. 2011 மே மாதம் நடந்த அந்த வாக்கெடுப்பில் கூட்டாளியான கன்சர்வேட்டிவ் கட்சியே எதிர்த்துப் பிரசாரம் செய்தது. 67.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். பிரபுக்கள் சபையைச் சீர்திருத்தும் திட்டமும் 2012இல் கைவிடப்பட்டது.

அதற்கு முன்பே பெரிய அடி விழுந்துவிட்டது. பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் தேர்தலுக்கு முன் மாணவர்களுக்குக் கையெழுத்திட்டு உறுதி தந்திருந்தார்கள். 2010 டிசம்பர் 9ஆம் நாள், கட்டண உச்சவரம்பை 3,290 பவுண்டிலிருந்து 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானம் வந்தது. லிபரல் ஜனநாயக உறுப்பினர்களில் 21 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அமைச்சர்கள் உட்பட ஏறத்தாழ பாதிப் பேர் ஆதரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. வருமான வரி விலக்கு வரம்பை உயர்த்தியது, ஏழை மாணவர்களுக்காகப் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி பெற்றுத் தந்தது என்று அவர்கள் செய்த நல்லவை சில உண்டு. அவற்றை யாரும் அந்தக் கட்சியின் கணக்கில் வரவு வைக்கவில்லை. நல்லதெல்லாம் பெரியவருக்கு, கெட்டதெல்லாம் சின்னவருக்கு என்பது கூட்டணி ஆட்சிகளில் அடிக்கடி நடப்பது.

2015இல் 57 இடங்கள் 8 ஆயின. வாக்கு விகிதம் 23 விழுக்காட்டிலிருந்து 7.9க்குச் சரிந்தது. இழந்த 49 இடங்களில் 27ஐக் கைப்பற்றியது, ஐந்து ஆண்டுகள் பக்கத்தில் அமர்ந்திருந்த கன்சர்வேட்டிவ் கட்சியேதான். அதனால் அந்தக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்தது, கூட்டாளி தேவைப்படவில்லை.

இந்தக் கதைக்குப் பின்குறிப்பு ஒன்று உண்டு. 2024 தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சி 12 விழுக்காடு வாக்கோடு 72 இடங்களைப் பிடித்தது. 2010இல் வாங்கிய வாக்கு விகிதத்தில் பாதிதான். இடங்களோ அதைவிட அதிகம். வெல்லக்கூடிய தொகுதிகளைத் தேர்ந்து அங்கே மட்டும் உழைப்பைக் குவித்ததும், கன்சர்வேட்டிவ் கட்சியின் சரிவும் கைகொடுத்தன. ஆனாலும் மீண்டுவர ஒன்பது ஆண்டுகள் ஆயின.

திண்ணையில் உட்காருவதும் ஒரு வழி

வீட்டுக்குள்ளும் போகாமல் தெருவிலும் நிற்காமல் திண்ணையில் அமரும் வழி ஒன்று இருக்கிறது. நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வரவு செலவுத் திட்டத்திலும் மட்டும் அரசாங்கத்தைக் காப்பாற்றுவது. மற்ற விவகாரங்களில் சொந்த முடிவு எடுப்பது. நியூசிலாந்தில் இது பழகிப்போன ஏற்பாடு.

2017இல் அங்கே தொழிற்கட்சி 46 இடங்களோடு ஆட்சி அமைக்க இரண்டு சிறிய கட்சிகள் உதவின. 9 இடங்கள் பெற்ற நியூசிலாந்து ஃபர்ஸ்ட் அமைச்சரவைக்குள் சென்றது. அதன் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் துணைப் பிரதமர் ஆனார். 8 இடங்கள் பெற்ற பசுமைக் கட்சி அமைச்சரவைக்கு வெளியே அமைச்சுப் பொறுப்புகளை ஏற்றுக்கொண்டு, வரையறுத்த ஆதரவு மட்டும் தந்தது. பருவநிலை விவகாரம் அவர்களிடம் வந்தது. 2019இல் கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைக்கும் சட்டத்தை நிறைவேற்றிக் காட்டினார்கள்.

2020 தேர்தலில் பசுமைக் கட்சி 10 இடங்களுக்கு உயர்ந்தது. நியூசிலாந்து ஃபர்ஸ்ட் 2.6 விழுக்காட்டுக்குச் சரிந்து, 5 விழுக்காட்டு வரம்பைத் தாண்ட முடியாமல் நாடாளுமன்றத்தை விட்டே வெளியேறியது. இதற்கு அமர்ந்த இடம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டு பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னின் அலை வீசியது. ஆனால் பசுமைக் கட்சியிடம் இதுதான் எங்கள் வேலை என்று காட்ட ஒன்று இருந்தது. தன் ஆதரவாளர்களிடம் அதைச் சொல்லி வாக்கு கேட்க முடிந்தது.

மலேசியாவும் இந்த வழியை ஒருமுறை பார்த்திருக்கிறது. 2021 செப்டம்பர் 13ஆம் நாள் இஸ்மாயில் சப்ரி அரசாங்கமும் நம்பிக்கைக் கூட்டணியும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. நம்பிக்கைக் கூட்டணி சிறிய அணி அல்ல; எனினும் அது கையாண்டது சிறிய கட்சிகளின் வழிதான். அரசாங்கத்தைக் கவிழ்க்க மாட்டோம் என்பது ஒரு பக்கம். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம், நாடாளுமன்றச் சீர்திருத்தம் போன்றவை மறுபக்கம். 2022 ஜூலையில் கட்சித் தாவல் தடைக்கான அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. அமைச்சர் நாற்காலி ஒன்றுகூட வாங்காமல் பெற்றது அது.

திண்ணையிலும் ஆபத்து உண்டு. 2017இல் பிரிட்டனில் வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சி 10 இடங்களை வைத்துக்கொண்டு தெரசா மே அரசாங்கத்தைத் தாங்கியது. தன் மாநிலத்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதல் நிதி வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் போரிஸ் ஜான்சன் பெரிய பெரும்பான்மையோடு வந்தார். டி.யு.பி. அஞ்சிய அதே ஏற்பாடு, அதாவது வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் இடையே கடலில் சரக்குச் சோதனை, நடைமுறைக்கு வந்தது. தடுத்து நிறுத்த அவர்களுடைய வாக்கு யாருக்கும் தேவைப்படவில்லை.

எழுதி வாங்கினால் போதுமா?

நம் சமூகத்துக்கு நெருக்கமான பாடம் ஹிண்ட்ராஃப். 2007 நவம்பர் 25 பேரணி நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 1969க்குப் பின் முதன்முறையாகத் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஹிண்ட்ராஃப் எழுப்பிய கோபமும் அவற்றில் ஒன்று என்பதை யாரும் மறுப்பதில்லை.

2013 ஏப்ரலில், பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்கள் முன், பொ. வேதமூர்த்தி தேசிய முன்னணியுடன் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தேர்தலுக்குப் பின் பிரதமர் துறையில் துணையமைச்சர் ஆனார். 2014 பிப்ரவரியில், வாக்குறுதிகள் நிறைவேறவில்லை என்று கூறி விலகினார்.

எங்கே பிசகியது என்பதில் பல கருத்துகள் உண்டு. எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். தேர்தலில் தேசிய முன்னணி 133 இடங்கள் பெற்றது. மக்களவையில் ஹிண்ட்ராஃபுக்கு ஓர் இடமும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் அதற்கு இருந்த எடை, வாக்கு எண்ணி முடித்த இரவில் கரைந்துவிட்டது. அவர் விலகியபோது அரசாங்கத்தின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை.

ஆக, எழுதி வாங்குவது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. நாம் போனால் அவர்களுக்கு ஏதாவது குறையும் என்ற நிலை நீடிக்க வேண்டும். அது இல்லாத ஒப்பந்தம் வெறும் தாள்.

ம.இ.கா.வும் சரவாக்கும்

கூட்டணி அரசியலில் மிக நீண்ட அனுபவம் உள்ள கட்சி ம.இ.கா. 1955 தேர்தலில் கூட்டணி வென்ற 51 இடங்களில் இரண்டு அதனுடையவை. அன்றைய வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் மிகச் சிறிய பங்கு. தனித்து நின்றிருந்தால் கிடைக்காத இடங்கள், அமைச்சரவைப் பதவி, சுதந்திரப் பேச்சுகளில் பங்கு எல்லாம் கூட்டணியால் வந்தன. அந்த முடிவு தவறு என்று இன்று யாரும் எளிதில் சொல்ல முடியாது.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2004இல் போட்டியிட்ட 9 இடங்களிலும் அது வென்றது. 2008இல் 3, 2013இல் 4, 2018இல் 2, 2022இல் தாப்பா மட்டும். எண்ணிக்கை குறைந்தபோது கூட்டணிக்குள் அதன் பிடியும் தளர்ந்தது. 2018இல் வென்ற கேமரன் மலைத் தொகுதியின் முடிவை நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில் தேசிய முன்னணி அங்கே ம.இ.கா. வேட்பாளரை நிறுத்தவில்லை, பூர்வகுடியைச் சேர்ந்த ரம்லி முகமட் நோர் நின்று வென்றார். கூட்டணிக்கு அது நல்ல முடிவு; நாட்டுக்கு முதல் பூர்வகுடி மக்களவை உறுப்பினரும் கிடைத்தார். ம.இ.கா.வுக்கு ஒரு தொகுதி போனது.

2022க்குப் பிறகு ஒற்றுமை அரசாங்கத்தில் தேசிய முன்னணிக்குக் கிடைத்த அமைச்சர் பதவிகள் அம்னோவிடமே சென்றன. 2023 ஆகஸ்டில் ஆறு மாநிலத் தேர்தல்களில் ம.இ.கா. போட்டியிடவே இல்லை. விலகினால் ஆட்சியின் வாசலும் அடைபடும். நீடித்தால் தொகுதிகள் ஒவ்வொன்றாகக் கைமாறும். கட்சிக்குள் இந்த விவாதம் திரும்பத் திரும்ப எழுவதில் வியப்பில்லை.

அதே தேசிய முன்னணியில் இருந்த சரவாக் கட்சிகள் வேறு பாதையில் சென்றன. 2018 ஜூனில், தோல்விக்கு ஒரு மாதத்தில், நான்கு கட்சிகளும் சேர்ந்து விலகித் தனி அணி அமைத்தன. 2022இல் அந்த அணியின் 23 இடங்கள் இல்லாமல் நிலையான அரசாங்கம் அமைப்பது கடினம் என்ற நிலை வந்தது. துணைப் பிரதமர் பதவி அவர்களைத் தேடி வந்தது. அவர்களால் முடிந்தது ம.இ.கா.வால் ஏன் முடியவில்லை என்று கேட்பது எளிது. சரவாக் கட்சிகளுக்குக் காலூன்ற ஒரு மாநிலமே இருக்கிறது. வாக்கு அங்கே குவிந்திருக்கிறது. ம.இ.கா.வின் வாக்காளர்கள் தீபகற்பம் முழுவதும் சிதறியிருக்கிறார்கள். ஒருவருக்கு உதவிய மருந்து எல்லாருக்கும் உதவாது.

வாக்காளர் கேட்க வேண்டியவை

இத்தனை கதைகளிலும் ஒரு பொதுக் கோடு ஓடுகிறது. சிறிய கட்சியின் பலம் ஆதரவு தருவதற்கு முந்தைய நாளில்தான் உச்சத்தில் இருக்கிறது. தந்த மறுநாளிலிருந்து தேய்கிறது. அந்த ஒரு நாளில் பத்து விஷயம் கேட்பவர் பத்தையும் இழக்கிறார். ஒன்றிரண்டைக் கேட்டு, நாள் குறித்து எழுதி வாங்கி, கிடைக்காவிட்டால் எழுந்துபோகும் வழியையும் வைத்துக்கொள்பவர் பிழைக்கிறார்.

ஆகவே சிறிய கட்சி ஒன்று அடுத்த தேர்தலில் நம் வீட்டு வாசலுக்கு வரும்போது, நீங்கள் எந்தக் கூட்டணி என்று மட்டும் கேட்டால் போதாது. பதவி கிடைத்தால் முதலில் செய்யப்போகும் ஒரே ஒரு வேலை என்ன? அதை யாரிடம், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கியிருக்கிறீர்கள்? அது நடக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? இளைய தலைமுறையினர் இந்த மூன்றையும் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

தமிழ்ப்பள்ளிக்கான நிலமோ, குடியுரிமைப் பத்திரமோ, பல்கலைக்கழக இடமோ, அந்த ஒரே வேலை எதுவாகவும் இருக்கலாம். மூன்று கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்லும் கட்சி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பொருட்படுத்தத் தக்கது. பதில் சொல்லத் தடுமாறும் கட்சிக்கு நாம் தரும் வாக்கு, அடுத்த பேரத்தில் வேறொருவர் கணக்கில்தான் சேரும்.